16 கிலோவா, 8 கிலோவா? கெட்டில்பெல் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது 33, எடை 70 கிலோ. தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மொட்டை மாடியில் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்பு உருண்டை) பயிற்சி செய்யலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர், "8 கிலோ போதும் சார், பழகின பிறகு மாத்திக்கலாம்" என்கிறார். நண்பர் 24 வாங்கச் சொல்கிறார். முன்பு ஜிம்மில் 10 கிலோ டம்ப்பெல்லை ஒரு கையால் தலைக்கு மேல் பத்து தடவை தூக்கியிருக்கிறேன். எதை வாங்க?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: 16 வாங்குங்கள் தம்பி. கடைக்காரர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் எடை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற கணக்கு இதில் பலிக்காது. கெட்டில்பெல்லில் தலையாய பயிற்சி ஸ்விங். உருண்டையைக் கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு, இடுப்பை வெடுக்கென்று முன்னே தள்ளினால், அது தானாக நெஞ்சு உயரத்துக்கு வரவேண்டும். கைக்குப் பிடித்திருப்பதோடு வேலை முடிந்தது. உங்களை மாதிரி ஆளிடம் 8 கிலோவைக் கொடுத்தால் தோள்பட்டையாலேயே தூக்கிவிடுவார், இடுப்பு சும்மா நிற்கும். பார்க்கிறவருக்கு ஸ்விங் மாதிரியேதான் தெரியும். கொஞ்ச நாளில் தோள் வலிக்கும், தொடையின் பின்பக்கமோ போட்டது போட்டபடி இருக்கும். செல்லூரில் என்னிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். 16-ஐக் கையில் கொடுத்ததும், தோளால் முடியாது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

நண்பர் சொன்ன 24, ஸ்விங்குக்குச் சில மாதங்களில் வேண்டியிருக்கும். ஆனால் இப்போது நீங்கள் வாங்கப்போவது ஒன்றே ஒன்று. அதை வைத்துத்தான் தலைக்கு மேல் தூக்கவும் வேண்டும், நெஞ்சோடு பிடித்துக் குத்தவைத்து எழவும் வேண்டும். 10 கிலோ டம்ப்பெல் பத்து தடவை போகிற கைக்கு, 16 கிலோ கெட்டில்பெல் இரண்டு மூன்று தடவை போனாலே பெரிது. டம்ப்பெல்லில் எடை கையின் இரு பக்கமும் சமமாக நிற்கும். இதில் பாரம் முழுக்க முன்கையின் மேல் சாய்ந்து கிடக்கும், மணிக்கட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கையால், முதுகை வளைக்காமல், முழங்காலை உதைக்காமல், நிதானமாக ஐந்து தடவை மேலே போகிறதா? போனால் அது உங்கள் பிரெஸ் எடை, அதாவது தலைக்கு மேல் தூக்குவதற்கான எடை. ஒன்றுகூடப் போகவில்லை என்றாலும் 16-ஐ விடாதீர்கள். தரையில் மல்லாந்து படுத்து ஒரு கையால் தள்ளிப் பழகுங்கள், நின்று தூக்குவது பின்னாலேயே வரும். ஒரே ஆளுக்கு ஸ்விங்குக்கு ஓர் எடை, பிரெஸ்ஸுக்கு ஓர் எடை என்றுதான் அமையும். இதைச் சொல்லாமல் "ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு" என்று அட்டவணை போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். கைப்பிடியின் அடிப்பக்கம் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்பில் பிசிறு துருத்திக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது நாலே நாளில் உள்ளங்கையைக் கிழித்துவிடும். இரண்டு கையும் நெருக்காமல் உள்ளே போகவேண்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் அடைத்தவை விலை குறைவு, ஆனால் 16 கிலோ என்றால் பூசணிக்காய் அளவுக்கு வந்து முன்கையில் இடிக்கும். வார்ப்பிரும்பு வாங்குங்கள். போட்டிக்கான எஃகு உருண்டைகள் 8 ஆனாலும் 32 ஆனாலும் ஒரே அளவில் இருக்கும், நிறத்தால்தான் அடையாளம்: 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. நல்ல சரக்குதான், வீட்டுக்கு அவசியமில்லை.

அப்புறம், அடுத்த எடைக்கு அவசரப்படாதீர்கள். ஜிம் தட்டு மாதிரி ஒண்ணேகால் கிலோ ஏற்ற இதில் வழியில்லை. 16-லிருந்து 20 போனாலே கால்வாசி கூடிவிடுகிறது. 16, 24, 32 என்ற வரிசையே ரஷ்யாவின் பழைய எடையான பூட் கணக்கில் வந்தது. ஒரு பூட் என்பது 16 கிலோவும் கொஞ்சமும். ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்று அவர்கள் தாவினார்கள். நாம் இடையில் 20-இல் நின்று போவோம்.

கேள்வி: வயது 46. தையல் மிஷினில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மகள் 2 கிலோ கெட்டில்பெல் வாங்கிக் கொடுத்தாள். 4 கிலோவுக்கு மாறலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அக்கா, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்களா? பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோவை ஒட்டி வரும். அதைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துப் படியேறுகிறவருக்கு 2 கிலோ எதற்கு? 8 கிலோ வாங்கச் சொல்லுங்கள். அந்த 2 கிலோ கதவு அடைக்காமல் இருக்க முட்டுக் கொடுக்க உதவும்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஸ்விங் வேண்டாம். சுவருக்கு ஒரு சாண் முன்னால் சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகு நேராக இருக்க, பின்பக்கத்தைக் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் அரை அடி முன்னால் வந்து மறுபடியும். குனிவது இடுப்பு மூட்டில்தான் நடக்கவேண்டும், முதுகில் கூடாது. இது கைவந்ததும் 8 கிலோவைப் பாதங்களுக்கு நடுவே வைத்து, அதே மாதிரி மடங்கி, இரண்டு கையாலும் தூக்கி நில்லுங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மூச்சை அடக்காதீர்கள். பிரஷர் மாத்திரை எடுத்தாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும். இது பழகி ஸ்விங்குக்கு வரும்போது 12 தேவைப்பட்டாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

கேள்வி: மாஸ்டர், எனக்கு 20 வயது. ஊரில் இளவட்டக்கல் தூக்குவேன், கர்லாக்கட்டையும் சுற்றுவேன். நேரே 32-ல் ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர், அலங்காநல்லூர் பக்கம்

பதில்: கல்லைத் தூக்குகிற உடம்புக்கு 32-ஐத் தூக்க வலு இருக்கும்டா தம்பி, சந்தேகமில்லை. ஆனால் கல்லை எப்படி எடுக்கிறாய்? கட்டிப்பிடித்து, முதுகை வளைத்து, நெஞ்சில் உருட்டித் தோளுக்குப் பின்னால் தள்ளுகிறாய். அதே வளைவோடு ஸ்விங்குக்கு வந்தால், 32 கிலோ கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நடுமுதுகைப் பிடித்து இழுக்கும். இரண்டு வாரம் 16-இல் முதுகு நேராக நிற்கிறதா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் எடுக்கச் சொல்லிப் பார். அப்புறம் 24. கர்லா சுற்றிய தோள் தலைக்கு மேல் தூக்குவதற்குக் கட்டாயம் கைகொடுக்கும்.

கேள்வி: மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். கையுறை போடலாமா?
– ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: கையுறை வேண்டாம், பிடி நழுவும். சித்திரை வெயிலில் கை வேர்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டால் துடைத்துவிட்டு எடுங்கள். கீழே கனமான ரப்பர் பாய் ஒன்று விரியுங்கள். முடித்ததும் உருண்டையைப் போடாமல், எடுத்த மாதிரியே மடங்கி இறக்கி வையுங்கள். வீட்டுக்காரர் மேலே வரமாட்டார்.