சீனி, பிரஷர், சோகை: கொழும்புச் சமையலறைக் கேள்விகளுக்குப் பதில்

எந்த உணவு எந்த வருத்தத்தைத் தடுக்கும் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஊட்டச்சத்து ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை அக்கா: அவருக்குச் சீனி வருத்தம். இரவில் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டு மூன்று துண்டு சாப்பிடுகிறார். அப்படியும் சீனி இறங்கவில்லையே?

குரக்கன் நல்லதுதான் அக்கா. 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிடக் கூட. ஆனால் மாச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். மூன்று துண்டு பிட்டோடு பனங்கட்டியும் வாழைப்பழமும் பிசைந்தால் சீனி எப்படி இறங்கும்? ஒரு துண்டோடு நிறுத்துங்கள். மீதிப் பசிக்குக் கடலைக் கறியும் கத்தரிக்காயும் பயற்றங்காயும் இருக்கட்டும். பகலில் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு என்று பரிமாறிப் பாருங்கள்.

பாவற்காய்ச் சாறு குடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும், அதனால் கிளினிக்கில் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கறியாகச் சமைத்துச் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை.

கொட்டாஞ்சேனைத் தங்கை: இரத்தம் குறைவு என்றார்கள். தினமும் கீரை சாப்பிட்டும் களைப்புப் போகவில்லை.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிறீர்களா? நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் பழக்கம். பிளேன்டீயோ பால்தேத்தண்ணியோ, தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது தேசிக்காய். வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிப்புளி விடுகிறோமே, அது ருசிக்கு மட்டும் இல்லை. முருங்கையிலை வறை என்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், சூட்டில் அந்த வைட்டமின் அழிந்துவிடும். சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடித்தாலும் சரி. மீனும் ஈரலும் சாப்பிடுகிறவர் என்றால் அந்த இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும். இவ்வளவும் செய்து களைப்பு நீடித்தால் காரணம் வேறாக இருக்கலாம், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தெமட்டகொடை ஐயா: பிரஷருக்கு உப்பைக் குறைத்துவிட்டேன். கருவாடு சாப்பிடலாமா?

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, அச்சாறு, சூப் கட்டி, கடை ரோல்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றினால் உப்புக் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் எப்போதாவது ஒருநாள் போதும் ஐயா. வாழைப்பழம், கீரை, பருப்பில் உள்ள பொட்டாசியம் பிரஷருக்கு உதவும். சிறுநீரகத்தில் குறை உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் இவற்றைக் கூட்டக் கூடாது.

பம்பலப்பிட்டித் தம்பி: கொலஸ்ட்ரோலுக்கு சால்மன் மீன் வாங்கச் சொல்கிறார்கள். விலை தாங்கவில்லை.

வேண்டாம் தம்பி. சந்தையில் சூடை, சாளை வாங்குங்கள். ஒமேகா-3 அதிலும் தாராளமாக இருக்கிறது. வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக. குழம்புக்குக் கட்டிப்பாலைக் குறைத்து இரண்டாம் பாலே விடுங்கள். தேங்காயின் கொழுப்புப் பெரும்பாலும் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும் வகை.

மட்டக்குளி அம்மா: பிள்ளைக்கு அடிக்கடி தடிமன். கொத்தமல்லித் தண்ணி கொடுத்தால் வராமல் தடுக்குமா?

தடுக்காது அம்மா. இளஞ்சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அதனால் கொடுக்கலாம். வராமல் இருக்கச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குத் தேன் மட்டும் தொட்டுக்கூட வைக்க வேண்டாம்.