அமெரிக்காவில் உள்ளூர் மெக்சிகன் உணவகத்துக் காலைச் சாப்பாடு நம் நாக்குக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், காலையில் போனால். நீங்கள் சைவம் என்றும், வேலை கிடைத்து டெக்சஸ் வருவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் சான் அன்டோனியோவில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். இரவில் இந்தக் கடைகளுக்குப் போனால் தட்டு நிறையச் சீஸை உருக்கி ஊற்றிக் கொண்டுவருவார்கள், பாதியிலேயே திகட்டிவிடும். காலையில் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு டோர்ட்டியா (நம் சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி), உருளைக்கிழங்கு, முட்டை, அரைத்த காரச் சட்னி, அவ்வளவுதான்.

நான் வழக்கமாகப் போகும் கடை, பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன சின்னக் கட்டடம். காலை ஆறு மணிக்குத் திறந்து மதியம் இரண்டுக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். ஏழு மணிக்குப் போனால் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், அலுமினியத் தாளில் சுற்றிய டாக்கோக்களை, அதாவது டோர்ட்டியாவுக்குள் உருளையோ முட்டையோ வைத்து மடித்ததை, பை பையாக வாங்கிக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்ததும் பரிமாறும் அம்மாள் "மிஹோ" என்று கூப்பிட்டுக் காபியை ஊற்றிவிடுவார். 'என் மகனே' என்பதற்கான ஸ்பானியச் சொற்கள் தேய்ந்து மிஹோ ஆகியிருக்கின்றன. நம் பக்கத்துப் பாட்டிகள் முன்பின் தெரியாதவனையும் 'ராசா' என்பார்களே, அந்த உரிமைதான். கோப்பை காலியாகக் காலியாக நிரப்புவார், அதற்குத் தனிக் காசு இல்லை. (காபி சுமார்தான். ஃபில்டர் காபியை நினைத்துக்கொண்டு குடிக்காதீர்கள்.)

காலை டாக்கோ இந்த ஊர்க்காரர்களுக்கு மானப் பிரச்சினை. அது டெக்சஸின் தலைநகரான ஆஸ்டினில் பிறந்தது என்பதுபோல 2016இல் ஒரு கட்டுரை வரப்போய் சான் அன்டோனியோ கொதித்துவிட்டது. கடைசியில் இரண்டு ஊர் மேயர்களும் கூடி டாக்கோ சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். பிரியாணிக்காக ஆம்பூரும் திண்டுக்கல்லும் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

என் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தார். முட்டைகூடத் தொடமாட்டார். அவருக்குச் சிலாகிலெஸ் வாங்கிக் கொடுத்தேன், முட்டையும் கோழியும் இல்லாமல். மீந்துபோன சோள டோர்ட்டியாவைத் துண்டு போட்டுப் பொரித்து, காரச் சட்னியில் புரட்டி எடுப்பதுதான் அது. பாதி மொறுமொறுப்பு, பாதி ஊறல். "பழைய இட்லியை உதிர்த்து உப்புமா செய்வது மாதிரிதானே இது?" என்றார் அம்மா. ஆறு வருடமாகச் சாப்பிடுகிற எனக்கு அது தோன்றியதில்லை.

சிவப்புச் சட்னியா பச்சையா என்று கேட்பார்கள். பச்சை சொல்லுங்கள். அதில் போடுவது தொமாத்தியோ என்ற காய். காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும், நல்ல புளிப்பு. கடைத்தெருவில் அதைப் பார்த்த அம்மா உறையை உரித்துவிட்டு, "சொடக்குத் தக்காளி! இவ்வளவு பெரிதாகவா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். வரப்பில் பறித்து நெற்றியில் அடித்து உடைத்து விளையாடுவோமே, அந்தச் செடியும் இதுவும் ஒரே பேரினம்.

அவரால் ஏற்கவே முடியாதது நோபாலெஸ். சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் சீவி, நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கித் தருவார்கள். வெண்டைக்காயின் வழவழப்பும் லேசான புளிப்பும் இருக்கும். "வேலியில் கிடப்பதைக் காசு கொடுத்தா தின்பது?" என்று கேட்டுவிட்டு, ஒரு டாக்கோ முழுவதையும் சாப்பிட்டார். அந்தக் கள்ளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நம் வேலிக்கு வந்தது என்று சொன்னால் நம்பவில்லை. மிளகாயும் அப்படித்தான், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகைப்போல் காரமாக இருந்த காய்க்கு நாம் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். அந்தக் கடை அடுப்படியில் யாருக்கும் காரத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி எச்சரிக்கை. இதைக் கவனமாகப் படியுங்கள். மசித்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். என் நண்பர் ஒருவர், சுத்த சைவம், அதை இரண்டு வருடம் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு ஒருநாள் விசாரித்தார். அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. 'மன்தேகா' (ஸ்பானியத்தில் பன்றிக்கொழுப்பு) உண்டா என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தக்காளி சேர்த்த சிவப்பு நிறச் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்தது. கோதுமை டோர்ட்டியாவிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு. பச்சைச் சட்னியிலும் கோழிச் சாறு விட்டிருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

சோள டோர்ட்டியாவை நம்பலாம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைத்த மாவு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். நம் ஊரில் மக்காச்சோள மாவை வாங்கித் தட்டிப் பார்த்தால் விண்டு விண்டு போகும், அந்த மணமும் வராது. சுண்ணாம்பு சேராத குறை அது.

அசைவக்காரர்கள் யாராவது கூட வந்தால் ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்லுங்கள். மாட்டின் இரைப்பையைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த மெனூடோ சூப்பும், வாயில் கரையும் மாட்டுத்தலை இறைச்சியான பார்பகோவாவும் கிடைக்கும். பார்பகோவாவுக்குத் துணையாக இந்த ஊரில் பிக் ரெட் குடிப்பார்கள். 1937இல் டெக்சஸிலேயே, வேக்கோ நகரில் பிறந்த சிவப்புச் சோடா. திருவிழாக் கடையில் வாங்கிக் குடித்த கலர் நினைவிருக்கிறதா? அதே அசட்டுத் தித்திப்பு. எனக்குப் பிடிக்கும்.

பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுந்து கல்லாவில் கட்ட வேண்டும். டிப்ஸ் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை, மேசையிலேயே வைத்துவிடலாம். கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் கோஞ்சா அடுக்கியிருப்பார்கள், மேலே சிப்பிபோல் சர்க்கரைக் கோடு போட்ட இனிப்பு ரொட்டி. முட்டை உண்டு, உங்களுக்கு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகுமென்றால் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். ரோஸ் நிறம்தான் முதலில் தீரும்.