வாசகர் கேள்வி, பேக்கரிக்காரர் பதில்: கருத்துப்போன ட்ரே

குன்னூரில் 31 வருடம் ரொட்டி, பன், வர்க்கி போட்டு ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அலுமினிய ட்ரேயைப் பற்றியவை.

கேள்வி: கேக் செய்ய வாங்கிய அலுமினிய ட்ரே ஆறே மாதத்தில் கருத்துவிட்டது. அம்மா சொன்னார்கள் என்று விறகடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா. சாம்பல் இரும்புச் சட்டிக்குச் சரி, அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து அதைக் காக்கிறது. சாம்பல், சலவை சோடா மாதிரி காரமான எதுவும் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். கரைந்ததும் உலோகம் கருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ட்ரே எல்லாம் பளிச்சென்று இருக்கணும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். நான் அண்டாவில் வெந்நீர் வைத்து, சலவை சோடாவை இரண்டு கை அள்ளிப் போட்டு 24 ட்ரேயையும் இறக்கினேன். கோலி சோடா உடைத்த மாதிரி நுரைத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் யானைத் தோல் நிறம். விரலால் தடவினால் பென்சில் கரி போல ஒட்டியது. பூஜை முடிந்து போட்ட முதல் ஈடு பன்னுக்கெல்லாம் அடியில் சாம்பல் பூசியிருந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மொத்தத்தையும் பக்கத்து மாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

மாஸ்டர்தான் புளி கொண்டு வந்தார். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிறோமே, அதே புளி. ட்ரேயிலேயே தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து விட்டு, சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். (நம் மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், ஊட்டியில் சுமார் 93தான். அதனால் இரண்டு நிமிடம் கூடவே விடலாம்.) பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலும் இந்த வேலையைச் செய்யும். கருப்பு விட்டதும் கொட்டிக் கழுவிவிடுங்கள். புளித்தண்ணீரை ராத்திரி முழுக்க வைத்தால் அதுவும் அரிக்கும். நான் ஸ்டிக் பூச்சு உள்ள ட்ரேக்கு இந்த வைத்தியம் வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும்.

கேள்வி: ட்ரேயின் ஓரத்தில் பழுப்பாகப் பிசின் போல ஒட்டியிருக்கிறது. கம்பி நார் போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், அருவங்காடு)

பதில்: அது எண்ணெய். சூட்டில் காய்ந்து காய்ந்து வார்னிஷ் ஆகிவிட்டது. முதலில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். பேக்கரியில் ரொட்டி டின்னை யாரும் தினமும் கழுவுவதில்லை. சூடு ஆறுவதற்குள் துணியால் துடைத்து அடுக்கிவிடுவோம். வழவழப்பான அந்தப் பழுப்புத் தோல் இருந்தால்தான் ரொட்டி தானாகக் கழன்று வரும். கறுத்த ட்ரே சூட்டை நன்றாக இழுக்கும் என்பதால், அடி சீக்கிரம் சிவக்கும். ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டால் சரி.

நகத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது அழுக்கு. அதை வைத்திருந்தால் அடுத்த கேக்கில் சிக்கெண்ணெய் வாடை அடிக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைச் சுடுதண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். அப்புறம் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி, கால் மணி நேரத்தில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஆப்ப சோடாவும் காரம்தானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் மென்மையான காரம். தடவிவிட்டு மறந்து தூங்கிப்போனால்தான் வம்பு. கம்பி நார் வேண்டாம். அது போட்ட ஒவ்வொரு கீறலிலும் அடுத்த முறை மாவு போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: ட்ரே நெளிந்துவிட்டது. கேக் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். (வாசகி, ஊட்டி)

பதில்: ஓவனிலிருந்து எடுத்து நேராகக் குழாயடியில் பிடித்திருப்பீர்கள், "டம்" என்று சத்தம் வந்திருக்கும். சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிற உலோகம் இது. ஜனவரியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை பொறுக்கும் வரை ஆறவிட்டு அப்புறம் கழுவுங்கள். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தினாலும் பழையபடி வராது. பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எடுத்து வைத்த ட்ரேயில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. விஷமா? (வாசகர், கூடலூர்)

பதில்: விஷம் என்று பயப்பட வேண்டாம். ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது, இப்படி வெள்ளையாகத்தான் பூக்கும். தேய்த்துக் கழுவி, எலுமிச்சை மூடியால் ஒரு தடவு தடவி அலசுங்கள். கூடலூர் மழையில் ட்ரே வெயிலில் காயும் என்று காத்திருந்தால் ஆகஸ்டு தாண்டிவிடும். ஓவனை அணைத்தபின் மிச்சமிருக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். அடுக்கும்போது நடுவில் காய்ந்த துணி போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அது ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: பிளம்ஸ் பழம் போட்டுச் செய்த கேக்கை ராத்திரி ட்ரேயிலேயே விட்டுவிட்டேன். காலையில் உலோக ருசி. ட்ரேயிலும் புள்ளி புள்ளியாகப் பள்ளம். (வாசகி, வெலிங்டன்)

பதில்: புளிப்பு வேலையைக் காட்டிவிட்டது. பிளம்ஸ், தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் அடியில் பட்டர் பேப்பர் போட்டு, வெந்து ஆறியதும் வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். விழுந்த பள்ளத்தைப் புளியாலோ சோடாவாலோ சரிசெய்ய முடியாது. என் வீட்டிலும் அப்படி ஒரு ட்ரே இருக்கிறது. மூட்டம் இல்லாத நாளில் மாடியில் வைத்து மிளகாய் காயப்போடுகிறோம்.