தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளில் உங்கள் மனதுக்கு நெருக்கமான தொகுப்பாளர் யார், ஏன்?

ராதிகா சரத்குமார். கலர்ஸ் தமிழில் 'கோடீஸ்வரி' நடத்தினாரே, அதற்காக.

நீங்கள் அநேகமாக அமிதாப் பச்சனை நினைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். 2000 ஜூலையில் இந்தியில் 'கோன் பனேகா குரோர்பதி' வந்தபோது, இந்தி தெரியாத எங்கள் தெருவிலும் அதைப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்த வந்தார். அப்பாவுக்கு உயிர் அது. அவர்கள் இருவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிகளை எங்கள் வீட்டில் அப்பா பார்த்தார். 'கோடீஸ்வரி'யை அம்மா பார்த்தார். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

எங்களுக்குச் சேலம் பள்ளப்பட்டி பக்கம். இங்கே பாதி வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான் சோறு போடுகிறது. அம்மா எட்டாவதோடு நின்றவர். அன்றிலிருந்து இன்றுவரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு வளையம் கோப்பதும் சலங்கை சேர்ப்பதும்தான் அவர் வேலை. கொலுசுக்குக் கூலி கொடுப்பவர்கள்கூட அதை வேலை என்று சொல்ல மாட்டார்கள். "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பண்ணித் தர்றாங்க" என்பார்கள். எடை போடும்போது அரை கிராம் குறைந்தால் மட்டும் சும்மா இருக்கிறவர் கூலியில் பிடித்துவிடுவார்கள். வெள்ளி விலை எங்கேயோ போய்விட்டது, கோக்கிற கூலி மட்டும் நகரவில்லை. இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'கோடீஸ்வரி' 2019 டிசம்பரில் தொடங்கியது. போட்டியாளர்கள் எல்லாரும் பெண்கள். 15 கேள்வி, 1 கோடி என்கிற அதே ஆட்டம்தான். அம்மாவுக்கு ராதிகா ஏற்கெனவே 'சித்தி' தொடரில் பழக்கப்பட்ட முகம். அதனால்தான் முதல் நாள் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து கேள்விகளுக்காக உட்கார்ந்தார். நான்கு விடைகளும் திரையில் வருவதற்கு முன்பே பதில் சொல்வார், தலை நிமிராமல், கை நிற்காமல். புராணம், பழைய சினிமா, காய்கறி, மூலிகை, ஆறு, அணை எதிலும் தடுமாற மாட்டார். கிரிக்கெட்டும் கம்ப்யூட்டரும் வந்தால் என்னைப் பார்ப்பார்.

தமிழின் முதல் வண்ணப்படம் எது என்று ஒரு நாள் தம்பி அவரைச் சோதித்தான். "அலிபாபாவும் 40 திருடர்களும். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்தது கண்ணு. ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டுடியோவோட வாசல் வளைவைத் தாண்டித்தானே உன் காலேஜ் பஸ் போச்சு?" என்றார். வந்த ஆண்டு 1956 என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதெல்லாம் அவருக்குள் எப்போது போய்ச் சேர்ந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை. ராதிகா கேட்டார், அம்மா பதில் சொன்னார்.

ராதிகாவிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்கிறார் என்று விசாரித்தால், பதிலை முழுவதும் கேட்டுக்கொள்வார். "வீட்லதான் இருக்கேன்" என்று ஒருவர் குரலைத் தாழ்த்தினால் அதோடு விட்டுவிட மாட்டார், மேலே கேட்பார். பரிதாபப்பட்டுப் பேசுகிற தொனி இருக்காது. அதற்கெல்லாம் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும். எழுதிக் கொடுத்ததை எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள், என் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது இவரை மட்டும்தான். அவருடைய அரசியலைப் பற்றி வேறு இடத்தில் பேசிக்கொள்ளுங்கள், நான் நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் 1 கோடி வென்றார். காது கேளாதவர், பேச்சு வராதவர். அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பிள்ளைக்கும் காது கேட்காது. சாதாரணமாக டிவி ஓடினால் அவள் சுவர் ஓரமாகப் போய்விடுவாள். அன்று முன்னால் வந்து உட்கார்ந்து திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பணம் வென்றதும் எங்கள் வீட்டில் எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எதற்காகக் கத்துகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

அதற்கு அப்புறம்தான் அம்மா, "நானும் பேரு குடுக்கட்டுமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியப்பா, "எட்டாவது படிச்சிட்டு டிவில போய் நம்ம மானத்தை வாங்கப் போறியா?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியப்பா இதைப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் ஆசை காட்டி மக்களை ஏமாற்றுகின்றன என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பணக் கனவு காணவில்லை. அம்மா அந்த 1 கோடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தனக்குத் தெரியும் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

'கோடீஸ்வரி'யை மறுபடி எடுத்து, ராதிகாவே நடத்தி, சேலத்திலும் ஆள் எடுக்கிறார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியவந்தால் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். பெரியப்பாவிடம் கேட்காமல் அம்மா பெயரை நானே கொடுக்கிறேன்.