மசில் கார் மாடலில் கொப்புளம்: கெட்டது பெயின்ட்டா, உலோகமா?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பில் மசில் கார்களைப் (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார்கள்) பார்த்துப் பார்த்து ஆசை வந்து, 1:18 அளவில் (அசலில் பதினெட்டில் ஒரு பங்கு) 12 டைகாஸ்ட் மாடல்கள், அதாவது உலோகத்தில் வார்த்த சிறு கார்கள், சேர்த்துவிட்டேன். பெட்டியோடு பேஸ்மென்ட்டில் அடுக்கி வைத்திருந்தேன். போன வாரம் திறந்தால், 1969 டாட்ஜ் சார்ஜரின் கூரையில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். இன்னொரு காரின் டயர் அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. மற்ற கார்களுக்கும் இது பரவுமா? வெளியே எடுத்து வைத்தால் விலை போய்விடுமா? (படங்கள் இணைத்துள்ளேன்.)

பதில்: பரவாது, பயப்படாதீர்கள். ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குத் தொற்றுகிற நோய் இல்லை இது. ஆனால் 12 கார்களும் ஒரே ஈரத்தில்தான் இருந்திருக்கின்றன. அதனால் எல்லாப் பெட்டிகளையும் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

மேலே உள்ள பெயின்ட் மட்டும் கெட்டிருக்கிறதா, அடியிலுள்ள உலோகமே கெட்டுவிட்டதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைக் கூரைமேல் சாய்வாக அடியுங்கள். கடுகு அளவில் உருண்டையான புடைப்புகள் மட்டும் தெரிந்து, கதவு, பானட், டிக்கி மூன்றும் ஒழுங்காக மூடி, இடைவெளிகளும் சீராக இருந்தால் அது பெயின்ட் கோளாறு. பெயின்ட் அடிக்கும் முன் உலோகத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால், பிறகு ஈரம் உள்ளே புகுந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும். ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். ஈரத்துக்கு இன்னும் வழி திறந்ததாகிவிடும். மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. ஆனால் காய்ந்த இடத்தில் வைத்தால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும்.

மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தாலோ, முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தாலோ, அது ஜிங்க் பெஸ்ட், அதாவது துத்தநாகக் கலவை உள்ளிருந்தே கெடும் கோளாறு. டைகாஸ்ட் கார்களின் உடல் ஜமாக் என்ற கலவையில் வார்க்கப்படுகிறது. துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியமும் கொஞ்சம் மெக்னீசியமும் செம்பும் சேர்ந்தது. 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கியது. இதற்கு மிகச் சுத்தமான துத்தநாகம்தான் வேண்டும். துளி ஈயம் கலந்துவிட்டாலும், ஈரமும் சூடும் சேரும்போது உலோகத்தின் நுண்மணிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கி, உடல் உப்பி, வெடித்து, கடைசியில் பொடியாக உதிரும். வார்க்கும்போதே விழுந்த விதை அது. ஈரத்தைக் குறைத்தால் வேகத்தைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது. என்னிடமிருந்த ஒரு 1970 பிளிமத் பாரகூடாவின் பானட் வருடா வருடம் அரிசி மணி அளவு மேலே எழும்பி வந்தது. அதில் கெடாமலிருந்த சக்கரங்களையும் சீட்டுகளையும் கழற்றி வேறொரு மாடலுக்குப் பொருத்திக்கொண்டேன்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசல் எதுவும் தெரியவில்லை, கதவு இடைவெளியும் சீர். பெயின்ட் கோளாறு என்றே படுகிறது. அந்த சார்ஜரைத் தள்ளிவிடாதீர்கள். 1969-க்கே உரிய நடுத்தடுப்பு முன்பக்க கிரில்லில் சரியாக இருக்கிறது, பின்னால் நீளவாக்கில் இரண்டு விளக்குகள். 1968 வண்டிக்கு அந்தத் தடுப்பு கிடையாது, பின்விளக்குகள் வட்டமாக இருக்கும். இந்த வித்தியாசத்தை மதித்துச் செய்த மாடல், கூரையில் நாலு கொப்புளம் இருந்தாலும் அலமாரியில் இடம் பெறத் தகுந்தது.

டயர் விஷயம் வேறு. பிவிசி டயரை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மெல்ல அசைத்து அசைத்துப் பிரியுங்கள், இழுக்காதீர்கள். இந்த அளவில் சார்ஜர் 29 செ.மீ. நீளம், கனமும் அதிகம். அத்தனை பாரமும் டயரில் இறங்கக் கூடாது. அடித்தட்டுக்குக் கீழே சிறு மரக்கட்டை வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்யுங்கள். டயருக்கு அடியில் அலுமினிய ஃபாயில் துண்டு ஒன்று போதும்.

பேஸ்மென்ட்டிலிருந்து எல்லாவற்றையும் மேலே கொண்டுவாருங்கள். வேறு இடமில்லை என்றால் டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) போட்டு, ஈரப்பத மீட்டரில் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வையுங்கள். பரணும் கராஜும் வேண்டாம், வெயிலுக்கும் குளிருக்கும் அங்கே தாங்காது. காரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையையும் பெயின்ட்டைத் தொடும் ஸ்பாஞ்சையும் எடுத்துவிடுங்கள். அவைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கண்ணாடி அலமாரியில், நேர் வெயில் படாமல் வைப்பதே நல்லது. சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.

விலையைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். 1990-களின் எர்டல் அமெரிக்கன் மசில் வரிசை போன்றவை ஏராளமாக வந்தவை. விலை ஏறும் என்று பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் லாபமில்லை. ஜிஎம்பி, ஏக்மி போன்ற நிறுவனங்கள் எண்ணிக்கை குறைத்து வெளியிட்டவற்றுக்குப் பெட்டியும் சான்றட்டையும் அவசியம், ஆனால் கார் அதற்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. 1:64 ஹாட் வீல்ஸ் மட்டும் விதிவிலக்கு: அட்டையிலிருந்து பிளிஸ்டரை (காரை மூடிய பிளாஸ்டிக் கூட்டை) பிரித்துவிட்டால் பிரித்ததுதான்.

காரைப் பெட்டியோடு பிணைத்திருக்கும் திருகுகளைக் கழற்றியதும் சிறு ஜிப் பையில் போட்டு, அந்தக் காரின் பெயரெழுதி அதே பெட்டிக்குள் வையுங்கள். வீடு மாறும்போது தேடுவீர்கள்.