குமரி முனையைச் சுற்றும்போது பாயை எங்கே சுருக்குவது?

கேள்வி: 34 அடி பாய்மர யாட்டில் ஜனவரியில் நானும் நண்பரும் கொச்சியிலிருந்து தூத்துக்குடி போகிறோம். குமரி முனையைக் கரையோரமாகவே சுற்றிவிடலாமா?

வேண்டாம், பத்து மைலாவது தள்ளிப் போங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கரையை விட்டு விலகியும் பாறைகள் உண்டு. ஆனால் பாறை வரைபடத்தில் இருக்கிறது, பார்த்து விலகிக்கொள்ளலாம். ஜனவரியில் ஆளை ஏமாற்றுவது காற்றுதான்.

கேரளக் கரை நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை வாடைக்காற்றை மறைத்து நிற்பதால், பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று என்று சுகமாகவே வருவீர்கள். அந்த மலை ஆரல்வாய்மொழியில் கணவாயாகத் திறக்கிறது. அதன் வழியே பாயும் காற்றும், மன்னார் வளைகுடாவிலிருந்து இறங்கும் வாடையும் முனையில் உங்கள் முகத்துக்கு நேரே வரும். நீரோட்டமும் அந்த மாதத்தில் மேற்கு நோக்கித்தான், அதாவது உங்களுக்கு எதிராக. நான் ஒரு முறை முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு நேரே முழுப் பாயையும் விரித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன், டம்ளர் ஆடக்கூட இல்லை. மூன்று மணி நேரம் கழித்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அடித்த அலை பின்னால் நாங்கள் உட்காரும் காக்பிட் வரை வந்தது. பாயைச் சுருக்க முன்னால் போன நண்பர் ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருபது நிமிடம் போராடினார். அதனால்தான் சொல்கிறேன், முட்டம் தாண்டும்போதே, காற்று துளியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு ரீஃப் போட்டுவிடுங்கள், அதாவது பாயை இரண்டு மடிப்பு சுருக்கிக் கட்டிவிடுங்கள். மேல்தளத்துத் திறப்புகளான ஹாட்ச்களை மூடி, உங்களைப் படகோடு பிணைக்கும் ஹார்னஸ் வாரை மாட்டி, சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். கொச்சியிலிருந்து முனை சுமார் 140 கடல் மைல், ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் 28 மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் பத்து மணிவாக்கில் முனையில் இருப்பீர்கள். வெளிச்சம் முக்கியம், ஏனென்றால் முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் நல்ல மீன்பிடித் தளம், படகுகள் நிறைய நிற்கும். வலைக்கு மிதவையாகப் பழைய பிளாஸ்டிக் கேனோ, மூங்கில் கம்பில் ஒரு கறுப்புத் துணியோதான் இருக்கும், இரவில் தெரியவே தெரியாது. கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் அந்தக் காற்றில் கத்தியோடு கடலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

கிளம்பும் முன் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். முனையில் தாங்கவில்லை என்றால் முட்டிமோத வேண்டாம், வந்த வழியே திரும்பி மலை மறைவுக்குள் போய்விடுங்கள். சில மைலிலேயே கடல் அடங்கும். அங்கேயே காத்திருந்து காற்று தணிந்ததும் மறுபடி புறப்படலாம்.