ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு வார்டுக்குப் போங்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறேன். இப்போது நான்கு வார மெடிசின் போஸ்டிங். ரவுண்ட்ஸில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பதால் சார் சொல்வது காதில் விழுவதில்லை. நண்பர்கள் லைப்ரரியில் உட்கார்ந்து பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். வார்டில் நான் எதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், தக்கலை

பதில்: ரவுண்ட்ஸில் காதில் விழாதது பெரிய நஷ்டம் இல்லை, தம்பி. மதியம் வார்டு கொஞ்சம் ஓய்ந்ததும் தனியாகப் போங்கள். ஒரே ஒரு நோயாளி போதும். அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை தினமும் அவரைப் பாருங்கள்.

முதலில் தொழிலைக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் ‘கூலி’ என்று மட்டும் இருக்கும். என்ன கூலி? வயல் சேற்றில் இறங்குபவரா, ரப்பர் பால் வெட்டுபவரா? காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே முகம் சுளிப்பவர் சேற்றில் நின்றவர் என்று தெரிந்தால், எலிக்காய்ச்சலை உடனே யோசிக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்துக்கு மழைக்காலமே இரண்டு. இந்தக் கேள்விக்கு வேலை அதிகம்.

அப்புறம் உடம்பை முழுசாகப் பாருங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்ற, சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சலில், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்ல மாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று ஒளிந்திருக்கும். பெண் நோயாளி என்றால் அனுமதி கேட்டு, திரை போட்டு, சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அசையாத இந்தக் காய்ச்சல், டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். பொருக்கை மாணவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பேன். வார்டில் அவருக்குத்தானே நேரம் இருக்கிறது!

மூச்சை ஒரு முழு நிமிடம் நீங்களே எண்ணுங்கள். எல்லாச் சார்ட்டிலும் 18, 20 என்று அழகாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

பாம்புக்கடி நோயாளி வந்தால் அவர் பக்கத்திலிருந்து நகராதீர்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம்; 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ரத்தம் உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பது. இதை நீங்களே செய்யலாம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் மட்டும் ஆகாது, முடிவு தவறிவிடும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். மலையோரத் தோட்டங்களில் இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியனின் விஷத்தை அது முறிக்காது. குப்பி குப்பியாக மருந்து ஏற்றியும் ரத்தம் உறையாமல் இருந்தால் அந்தக் கேள்வி உங்களுக்கு எழ வேண்டும்.

வர்ம ஆசானிடம் போய்விட்டு வந்தவரை முறைக்காதீர்கள். என்ன எண்ணெய், என்ன கஷாயம் என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார். முறைத்தால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்.

நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதை விடச் சொல்லவில்லை. இரவில் படியுங்கள், அன்று பார்த்த நோயிலிருந்து தொடங்கி.

டிஸ்சார்ஜ் நாளைத் தவறவிடாதீர்கள். தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு இன்சுலின் எழுதினால், படகில் எங்கே வைப்பார்? ஐஸ் மேலேயே வைத்து உறைந்துபோனால் அந்தக் குப்பி வீண். சிரிஞ்சையும் பாருங்கள்: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாறிப்போய், 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். அவரையே உங்கள் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கே சரியாகத் தெரியாவிட்டால் வார்டு சிஸ்டரைக் கேளுங்கள், சொல்லித் தருவார். டூட்டி மாறும் நேரத்தில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.